எந்த வருஷத்து சிவிக்?

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் ஆட்கள் முதல் ஆறு மாதத்தில் செய்யும் காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், அப்புறம் ஒரு பழைய கார். அது பெரும்பாலும் கொரோலா, இல்லாவிட்டால் ஹோண்டா சிவிக். யாரைக் கேட்டாலும் "ஹோண்டாவா, கண்ணை மூடிட்டு வாங்கு" என்பார்கள். போன வருஷம் என் அக்கா மகன் இரண்டு சிவிக் விளம்பரங்களை எனக்கு அனுப்பினான். ஒன்று 2008 மாடல், எண்பதாயிரம் மைல் ஓடியது. இன்னொன்று 2012, ஒரு லட்சத்து இருபதாயிரம் மைல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "மாமா, கம்மியா ஓடினதை எடுத்துடலாம்ல?" என்று கேட்டிருந்தான்.

அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐம்பது வருஷக் கதை இருக்கிறது. அதைத் தோண்டப் போனதில் சில வார இறுதிகள் காலி. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் 'மாடல் ஆண்டு' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கம் வேறு. இங்கே ஆர்.சி. புத்தகத்தில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2001 மாடல் என்பது பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். எந்த மாடல் ஆண்டு என்பது சேஸிஸ் எண்ணிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பதினேழு இலக்க எண்ணில் பத்தாவது எழுத்து அதுதான். 2001-க்கு 1, 2009-க்கு 9, 2010 வந்ததும் இங்கிலீஷ் 'ஏ'. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகிய விஷயம்: ஒவ்வொரு மாடல் ஆண்டும் ஒரு வெர்ஷன் எண். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றி எழுதுவார்கள், அதைத் தலைமுறை என்கிறோம். இடைப்பட்ட வருஷங்களில் சின்னச் சின்னத் திருத்தங்கள்.

சிவிக் ஜப்பானில் 1972 ஜூலையில் வந்தது. அமெரிக்காவில் 1973 மாடலாக. அங்கே அதற்குப் பேர் வாங்கித் தந்தது 1975-இல் வந்த சி.வி.சி.சி. இஞ்சின். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று டெட்ராய்ட் கம்பெனிகள் புலம்பிக்கொண்டிருந்தபோது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலேயே அந்த வரம்புக்குள் வந்த இஞ்சின் அது. ஆனால் அந்தக் காலத்து ஹோண்டாக்களின் உடம்பு வேறு கதை. அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். எழுபதுகளின் கார்களில் முன் சக்கரத்துக்கு மேலே உள்ள ஃபெண்டர் தகடு சில வருஷத்திலேயே துருப்பிடித்து ஓட்டை விழ ஆரம்பித்தது. கடைசியில் ஹோண்டாவே அவற்றை மாற்றித்தர வேண்டி வந்தது. 'கண்ணை மூடிட்டு வாங்கு' என்ற பெயர் பிறக்கும்போதே கூட வந்ததில்லை.

அந்தப் பெயர் கட்டியெழுப்பப்பட்டது 1992 முதல் 2000 வரை வந்த இரண்டு தலைமுறைகளில். எளிய நான்கு சிலிண்டர் இஞ்சின், எடை குறைவு, முன்னும் பின்னும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். குறை இல்லாமல் இல்லை. எரிபொருள் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். வெயிலில் நிறுத்திய கார் கிளம்பாது, அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து வைத்தால் கிளம்பும். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சால்டர் இணைப்பில் மயிரிழை விரிசல். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவன் பத்து நிமிஷத்தில் சரி செய்யலாம். நம்பகமான கார் என்றால் கெட்டுப்போகாத கார் என்று அர்த்தமில்லை என்று நான் நினைப்பதற்கு இந்த ரிலேதான் காரணம். எது கெடும் என்று தெரியும், மலிவாகச் சரியாகும். அவ்வளவு போதும்.

இந்தக் கார்களுக்கு இன்னொரு 'சான்றிதழும்' கிடைத்தது. அமெரிக்காவில் அதிகம் திருடுபோகும் கார்களின் பட்டியலில் தொண்ணூறுகளின் சிவிக் பல வருஷங்கள் முதல் வரிசையிலேயே இருந்தது. உதிரி பாகத்துக்கு அவ்வளவு கிராக்கி. சாவியில் சிப் வைத்த இம்மொபிலைசர் 2001 மாடலில் வந்த பிறகுதான் திருடர்கள் அடங்கினார்கள்.

அந்த 2001-இல் இம்மொபிலைசர் மட்டும் வரவில்லை. எல்லாமே புதிதாக வந்தது. முன்பக்க டபுள் விஷ்போன் போய் மலிவான ஸ்ட்ரட் வந்தது, இஞ்சின் 1.7 லிட்டர் ஆனது. தலைமுறையின் முதல் வருஷம். சிவிக் வரலாற்றில் பெயர் கெட்ட வருஷங்களைக் கேட்டால் மெக்கானிக்குகள் முதலில் சொல்வது இதைத்தான். முக்கியமான புகார் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஒரு லட்சம் மைலைச் சுற்றி வழுக்க ஆரம்பிக்கும், அப்புறம் நின்றே போகும். கியர்பாக்ஸ் மாற்றும் செலவு காரின் விலையைத் தொட்டுவிடும். ஆனால் அதே 2001-இன் மேனுவல் கியர் வண்டிக்கு இந்த வியாதி கிடையாது. ஒரே வருஷம், ஒரே பெயர், பக்கத்துப் பக்கத்து வீட்டில் நிற்கும் இரண்டு கார்கள். இரண்டின் ஆயுள் ரேகையும் வேறு. 'எந்த வருஷம்' என்ற கேள்வியே சில நேரம் போதாது.

அதே தலைமுறையில் இதைவிடப் பயங்கரமான ஒன்று ஒளிந்திருந்தது. டகாட்டா ஏர்பேக். விபத்தின்போது பையை ஊதவைக்கும் வெடிபொருளாக அந்தக் கம்பெனி அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறிப் பட்டால் அது நாளடைவில் சிதையும். சிதைந்தது ஒரேயடியாக வெடிக்கும். உலோகக் கூடு உடைந்து சில்லுகள் ஓட்டுநரின் கழுத்தில் பாயும். 2008 நவம்பரில் ஹோண்டா முதல் ரீகால் அறிவித்தபோது அது 2001 அக்கார்ட், சிவிக்கில் சுமார் நாலாயிரம் கார்களுக்கு மட்டும். அது பிறகு பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான கார்களுக்கு விரிந்து, 2017-இல் டகாட்டா திவாலானது. அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016 ஜூனில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு தகவல் வெளியிட்டது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா மாடல்களில் ஒரு வகை இன்ஃப்ளேட்டர், சோதனையில் 50 சதவீதம் வரை உடையும் வாய்ப்பைக் காட்டியது. 2001, 2002 சிவிக்குகள் அந்தப் பட்டியலில் உண்டு. காசைச் சுண்டிப் போடுவது மாதிரி. ரிப்பேர் செய்யாத கார்கள் சுமார் 3,13,000 இன்னும் பாக்கி என்றார்கள். ஃபுளோரிடா போன்ற புழுக்கமான கடலோர மாநிலங்களில்தான் ஆபத்து அதிகம். சென்னைக்காரர்களுக்கு அந்தப் புழுக்கத்தை விளக்க வேண்டியதில்லை. ஆக, கார் பிறந்த வருஷத்தோடு அது வளர்ந்த ஊரும் கணக்கில் சேர்கிறது.

இப்போது அக்கா மகனின் இரண்டு கார்களுக்கு வருகிறேன்.

2006 மாடலில் எட்டாம் தலைமுறை வந்தது. நம்மூரிலும் அதே வருஷம் வந்த அந்த விண்கலம் மாதிரி டேஷ்போர்டு உள்ள சிவிக்தான், பலருக்கு நினைவிருக்கும். (அமெரிக்கர்களுக்கு அது சின்ன கார். நமக்கு அது மேனேஜர்கள் ஓட்டும் பெரிய கார்.) இஞ்சின் புதிது, 1.8 லிட்டர், ஆர்18 என்று பெயர். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆட்டோமேட்டிக் நான்கிலிருந்து ஐந்து கியர் ஆனது. பத்திரிகைகள் கொண்டாடின. மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகையின் அந்த வருஷத்துக் கார் விருது, வட அமெரிக்காவின் சிறந்த கார் விருது, இரண்டும் சிவிக்குக்கே. கொடுத்தவர்கள் ஏமாளிகள் இல்லை. ஓட்டிப் பார்த்தால் உண்மையிலேயே நல்ல கார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஆரம்பித்தது. கூலன்ட் டப்பாவில் அளவு குறையும். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது, தரையில் சொட்டு இருக்காது. ஊற்றி நிரப்புவார்கள், மறுபடி குறையும். ஒருநாள் நெடுஞ்சாலையில் சூட்டு முள் மேலே ஏறும். சிலர் ரேடியேட்டரை மாற்றினார்கள், சிலர் வாட்டர் பம்பை மாற்றினார்கள். உண்மையில் ஒழுகியது இஞ்சினின் அலுமினிய பிளாக்கிலேயே. கூலன்ட் ஓடும் பாதையை ஒட்டி நுண்ணிய விரிசல். சூடான உலோகத்தில் கசிவது உடனே ஆவியாகிவிடும், அதனால்தான் சொட்டு தெரியவில்லை. பிளாக் விரிந்தால் ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது, இஞ்சினின் அடிப்பகுதியையே மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்டவை 2006, 2007, 2008 மாடல்களும் 2009-இன் ஆரம்பத்தில் செய்யப்பட்டவையும். அதற்குப் பின் வந்த 2009-களில் பிரச்சினை இல்லை. அதாவது 9 என்று பத்தாவது எழுத்து இருந்தால் மட்டும் போதாது, மீதி எண்ணையும் பார்க்க வேண்டும்!

ஹோண்டா இதற்கு ரீகால் அறிவிக்கவில்லை. அதைக் கவனிக்க வேண்டும். ரீகால் என்பது பாதுகாப்புக் குறைக்குத்தான். கூலன்ட் ஒழுகி வண்டி நடுவழியில் நிற்பது அந்தக் கணக்கில் வராது. எனவே கம்பெனி செய்தது வாரண்டியை நீட்டித்தது: பிளாக்குக்கு மட்டும், கடைசியாகப் பத்து ஆண்டுகள் வரை, மைல் கணக்கு இல்லாமல். நியாயமான ஏற்பாடுதான். விஷயம் தெரிந்து கேட்டவர்களுக்கு இலவசமாகப் புது பிளாக் கிடைத்தது. ஆனால் இதன் விளைவு ஒன்று. ஒருவர் அரசு இணையதளத்தில் ரீகால் பட்டியலை மட்டும் தேடினால், அந்தத் தலைமுறையின் ஆகப் பெரிய கோளாறு அவர் கண்ணில் படவே படாது.

விருது கொடுத்த வருஷத்தில் விரிசல் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. உலோகம் அப்போது விரியவே இல்லை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் போன்ற அமைப்புகள் வருஷா வருஷம் சந்தாதாரர்களிடம் கேட்டுத் தொகுக்கும் தகவல்கள் நல்ல தகவல்களே. ஆனால் ஒரு வயதுக் காரைப் பற்றி அதன் சொந்தக்காரர் சொல்லக்கூடியது என்ன? ரேடியோ புளூடூத்தோடு சேரவில்லை, கதவு ரப்பர் சத்தம் போடுகிறது, இந்த மாதிரிதான். ஏழாம் வருஷத்துக் கோளாறு ஏழாம் வருஷத்தில்தான் சொல்லும்.

அடுத்து 2012. ஒன்பதாம் தலைமுறை, 2011 ஏப்ரலில் கடைக்கு வந்தது. வந்ததுமே அடி. பிளாஸ்டிக் மலிவாக இருக்கிறது, சத்தம் அதிகம், ஓட்டும் சுகம் குறைந்துவிட்டது என்றார்கள். பல வருஷமாக சிவிக்கைப் பரிந்துரைத்து வந்த கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2011 ஆகஸ்டில் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. அது பெரிய செய்தி. ஹோண்டா பதறிப்போய், வழக்கமாக மூன்று வருஷம் கழித்துச் செய்யும் திருத்தத்தை 2013 மாடலிலேயே செய்தது. உள்பக்கம், முகப்பு, ஒலித்தடுப்பு எல்லாம் மாறின.

ஆனால் அந்த 2012-இன் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது அதே ஆர்18 இஞ்சின், பிளாக் சரிசெய்யப்பட்டது. அதே ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஐந்தாறு வருஷம் பிழை திருத்தப்பட்டது. விமர்சகர்களின் மனக்குறையே ஹோண்டா புதிதாக எதையும் செய்யவில்லை என்பதுதான். பழைய கார் வாங்குபவருக்கு அதைவிட இனிப்பான செய்தி உண்டா? எங்கள் தொழிலில் தலைமுறையின் முதல் வெளியீட்டை எடுக்காதே என்பார்கள். 2012 தலைமுறையின் முதல் வருஷம்தான். ஆனால் மாறியது தோல் மட்டும். 2012-லும் ஒரு ரீகால் உண்டு. சுமார் 50,000 கார்களில் இடப்பக்க டிரைவ்ஷாஃப்டைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம் என்று கூப்பிட்டார்கள். பார்த்தார்கள், தேவைப்பட்டதை மாற்றினார்கள், அத்தோடு முடிந்தது. பொருத்தியவன் கைப்பிழைக்கும் உலோகத்தின் பிழைக்கும் வித்தியாசம் இதுதான். முதலாவது ஒரு மதிய நேரத்தில் தீரும்.

எனவே பையனுக்கு நான் சொன்னது: நாற்பதாயிரம் மைல் கூட ஓடியிருந்தாலும் 2012. ஒரே ஒரு விதிவிலக்கு சொன்னேன். 2008 காரின் சொந்தக்காரர் வாரண்டியில் பிளாக் மாற்றிய ரசீதைக் காட்டினால் கதையே மாறும். அது எண்பதாயிரம் மைல் ஓடிய உடம்பில் திருத்தப்பட்ட இதயம். அவன் கேட்டான், ரசீது இல்லை. கூலன்ட் பற்றிக் கேட்டதற்கு, "எப்பவாவது கொஞ்சம் ஊத்துவேன்" என்று அந்த மனிதர் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறார்.

மற்ற வருஷங்களைப் பார்த்தாலும் இதே ஜாடை தெரிகிறது. 2014-இல் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு சி.வி.டி. வைத்தார்கள். அடுத்த வருஷமே, 2014, 2015 சிவிக்கும் 2015 ஃபிட்டும் சேர்த்து சுமார் 1,43,000 கார்களுக்கு ரீகால். கியர்பாக்ஸின் சாஃப்ட்வேர் புல்லி தண்டின் மேல் அதிக அழுத்தம் கொடுத்து அது உடையலாம் என்று. (சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் இதைப் படித்தபோது கொஞ்சம் கூசியது.) 2016-இல் முழுப் புதிய பத்தாம் தலைமுறை. முதல் சில மாதங்களிலேயே 2 லிட்டர் இஞ்சின் கார்களின் விற்பனையை நிறுத்தி சுமார் 34,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் ஒரு சின்ன வளையம் சில இஞ்சின்களில் சரியாக உட்காரவில்லை, அல்லது போடவே இல்லை.

அதே தலைமுறையின் 1.5 லிட்டர் டர்போவுக்கு வேறு ஒரு பிரச்சினை, இதுதான் எனக்குச் சுவாரசியமானது. குளிர் இஞ்சினில் நேரடியாகப் பீய்ச்சப்படும் பெட்ரோல் முழுதும் எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, வழிந்து, கீழே ஆயிலோடு கலக்கிறது. நீண்ட தூரம் ஓட்டினால் ஆயில் சூடாகி பெட்ரோல் ஆவியாகிவிடும். மைனஸ் பத்து டிகிரியில் பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு இரண்டு மைலில் திரும்பி வருபவருக்கு ஆவியாக நேரமே இல்லை. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு கூடியிருக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். முதலில் பெரிதாக வெடித்தது வட சீனாவில். 2018-இல் அங்கே இதே இஞ்சின் உள்ள சி.ஆர்-வி விற்பனையே தற்காலிகமாக நின்றது. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் திருத்தமும், 2016-18 சிவிக்குகளுக்கு இஞ்சின் வாரண்டி கூடுதலாக ஓர் ஆண்டும் கொடுத்தார்கள். டெக்ஸாஸில் ஓடிய கார்க்காரரைக் கேட்டால் "என்ன பிரச்சினை?" என்பார். மின்னசோட்டாக்காரரைக் கேட்டால் வேறு பதில் வரும். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். 2019-இல் இந்தியாவுக்கு வந்த அதே தலைமுறை சிவிக்கின் பெட்ரோல் இஞ்சின் பழைய 1.8 தான். இங்கே அந்த டர்போ வரவில்லை. அதையும் 'பழைய இஞ்சின்' என்று இங்கே திட்டினார்கள்.

இந்த மாதிரி அலசலில் எண்களை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் 'மோசமான ஐந்து சிவிக் வருஷங்கள்' என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் புகார்களின் எண்ணிக்கையைக் கூட்டி வரிசைப்படுத்துகிறார்கள். 2006 காருக்குப் புகார் செய்ய இதுவரை இருபது வருஷம் கிடைத்திருக்கிறது, 2020 காருக்கு அதில் பாதிகூட இல்லை. அமெரிக்காவில் சிவிக் பல வருஷங்களில் மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது, சில வருஷங்களில் அதைவிடக் குறைவு. அதிகம் விற்ற வருஷத்துக்குத் தானாகவே அதிகப் புகார் வரும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே வயதில், ஓடிய கார்களின் எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிட வேண்டும். அது கடினம். அதனால் நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு, என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, எத்தனை மைலில் உடைந்தது என்பதையே பார்க்கிறேன். கியர்பாக்ஸும் பிளாக்கும் ஒரு பக்கம். வெயில் மறைப்புத் தகடு பிளந்தது, பெயின்ட் உரிந்தது எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தலா ஒரு புகார் என்று எண்ணுவது அபத்தம்.

கடைசியாக, இப்போது கடையில் இருக்கும் பதினோராம் தலைமுறை. 2022 மாடலில் வந்தது. அதுவும் வட அமெரிக்காவின் சிறந்த கார் விருது வாங்கியது. 2024 அக்டோபரில் ஸ்டியரிங் கியர்பாக்ஸ் கோளாறுக்காக 2022 முதல் 2025 வரையிலான சிவிக் உட்பட சுமார் 17 லட்சம் கார்களை ஹோண்டா திரும்ப அழைத்தது. நேராக ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் ஒரு கணம் ஒட்டிக்கொண்ட மாதிரி இறுகுகிறது. உள்ளே ஒரு பல்சக்கரம் வீங்குவதும் கிரீஸ் விலகுவதும் காரணம் என்றார்கள். இந்தத் தலைமுறையை இப்போதே யாராவது கேட்டால் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ரீகால் வேலை முடிந்திருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்க்கச் சொல்வேன், மற்றதை 2030-இல் கேட்கச் சொல்வேன்.